படித்துவிட்டு வந்த கை

1971ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எதிர்வீட்டைக்கூட மூடுபனி விழுங்கியிருந்த ஒரு காலையில், எல்விரா சோர்ஸி பாதுவா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் பணியேற்க வந்தாள். வாசலில் நீல மேலங்கி அணிந்த ஒருவர் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி அவளை நிறுத்தினார்.

“காலைத் துடைச்சுட்டு வாம்மா. பரீட்சைக்கு வந்த பொண்ணுங்களுக்கெல்லாம் பின்வாசல்.”

“நான் புதுசா சேர்ந்திருக்கற உதவி ஆய்வாளர்.”

“அப்படிங்களா, டாக்டரம்மா? மன்னிச்சுக்குங்க. ஆனா யாரா இருந்தாலும் காலைத் துடைச்சுத்தான் ஆகணும்.”

அவர் பெயர் ஜெலிந்தோ, துறையின் அட்டெண்டர். மனிதர்கள் ஒருவரையொருவர் முதல் பார்வையில் எவ்வளவு தவறாக எடைபோடுகிறார்கள் என்பதே எல்விராவின் முனைவர் பட்ட ஆய்வு. அந்த ஆய்வுக்கு முழு மதிப்பெண் வாங்கிய அவள், மிதியடியில் காலைத் துடைத்து முடிப்பதற்குள் அந்த மனிதரை எடைபோட்டு முடித்துவிட்டாள்: சூதுவாது அறியாத உழைப்பாளி, பாடப்புத்தகத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். அந்த ஐந்து நொடிகளுக்காக அவள் தன்னைத் தானே கேலி செய்துகொள்வது இன்றுவரை நின்றபாடில்லை.

ஜெலிந்தோவுக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. போ ஆறு கடலில் கலக்கும் தாழ்நிலத்தில் பிறந்தவர். ஐம்பத்தொன்றாம் ஆண்டு வெள்ளத்தில் வீடும் இரண்டு பசுக்களும் போய்விட, மனைவி இனேஸை மிதிவண்டியின் முன்கம்பியில் உட்காரவைத்து வடக்கே வந்தவர். பத்தாண்டுகள் சர்க்கரை ஆலையில் மூட்டை சுமந்தார். பிறகு யாரோ ஒரு பாதிரியாரின் பரிந்துரையால் இந்த வேலை கிடைத்தது. தரை துடைப்பது, தபாலை எடைபோட்டு அனுப்புவது, கணப்பு அடுப்புக்கு விறகு போடுவது, ஆய்வுக் கருவிகளைத் தூசி தட்டுவது ஆகிய நான்கும் அவர் பொறுப்பு. காலை பத்து மணிக்கு மூலைக் கடையில் ஒரு சிறு கண்ணாடிக் குவளை வெள்ளை வைன் குடிப்பது ஐந்தாவது பொறுப்பு. அதில் மட்டும் அவர் ஒரு நாளும் தாமதித்ததில்லை.

அந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்டவை கறுப்புத் தாள் ஒட்டிய பன்னிரண்டு மரப்பெட்டிகள். சில பெரியவை, சில சிறியவை. பார்வைக்குத் தொடர்பே இல்லாமல் பல பெட்டிகளின் எடை ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே எடையுள்ள பெரிய பெட்டியையும் சிறிய பெட்டியையும் தூக்கிப் பார்ப்பவர், சிறியதுதான் கனம் என்று சத்தியம் செய்வார். கண் பெரிய பெட்டியைப் பார்த்துக் கையைத் தயார்ப்படுத்திவிடுகிறது, கை ஏமாந்துபோகிறது. துறைத்தலைவர் பேராசிரியர் வெந்திரமின் அந்தப் பெட்டிகளைத் தாமே சொல்லிச் செய்வித்தவர். எடை இன்னதென்று அறிந்திருந்தும் முப்பது ஆண்டுகளாக அவர் கை ஏமாந்துகொண்டே இருந்தது.

எல்விராவுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு கண்டுபிடிப்பு. எழுபத்து நான்காம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்குள் ஆய்வுக் கட்டுரைகளை ரோமுக்கு அனுப்ப வேண்டும். நாடு முழுவதற்கும் மூன்றே பேராசிரியர் பதவிகள். போட்டியிடுவோர் முப்பது பேர். அவளிடம் இருந்தவையோ ஐந்து கட்டுரைகள். அவற்றைப் படித்த ஒரே ஆள் அச்சகத்தில் பிழை திருத்துபவர்தான் என்பது அவளுக்கே தெரியும்.

ஒரு நாள், சோதனைக்கு வருவதாகச் சொன்ன மாணவன் வரவில்லை. எல்விரா ஜெலிந்தோவைக் கூப்பிட்டாள்.

“ஜெலிந்தோ, ஒரு அஞ்சு நிமிஷம் வாங்களேன். இந்தப் பெட்டிகளைத் தூக்கிப் பாத்துச் சொல்லணும்.”

அவர் முகம் வெளுத்தது. “இன்னிக்கா? இன்னிக்கு ஜன்னல் துடைக்கணுமே, டாக்டரம்மா. நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம்.”

மறுநாள் காலையில் அவர் தலையைப் படிய வாரி, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்துக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார். ஒவ்வொரு பெட்டியையும் நன்றாகப் பார்த்துத் தூக்கினார், கண்ணை மூடிக்கொண்டு எதையோ நினைவுகூர்ந்தார், கீழே வைத்தார்.

“இது ரெண்டும் ஒண்ணுதான். இதுவும் அதுவும் ஒண்ணு. அந்த மூலையில இருக்கறது மட்டும் ஒரு துளி கனம்.”

எல்லாமே சரி. எல்விரா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மனிதக் கை அனைத்தும் ஏமாறும் இடத்தில் ஏமாறாத ஒரு கை! அதுவும் யாருடைய கை? மூட்டை சுமந்த கை. அந்த ஆண்டுகளில் நகரத்துச் சுவர்கள் முழுவதும் உழைக்கும் வர்க்கத்தை வாழ்த்தும் வாசகங்கள் இருந்தன. எல்விராவும் ஊர்வலங்களில் நடந்தவள்தான். அகராதியைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத அவளுக்கு, உழைப்பாளியின் கை பொய் சொல்லாது என்பதை நம்ப ஆதாரமே தேவைப்படவில்லை. ஆதாரமும் கிடைத்துவிட்டபோது அவள் அழாத குறைதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜெலிந்தோவை வைத்து நாற்பது சோதனைகள் செய்தாள். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு நாள் தவணை கேட்டார். ஒவ்வொரு முறையும் மறுநாள் பிழையின்றிச் சொன்னார். தவணை ஏன் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எளிய மனிதரின் கூச்சம் என்று குறிப்பேட்டில் எழுதி, அந்தச் சொற்றொடரின் அழகில் தானே மயங்கி அடிக்கோடும் இட்டாள்.

பேராசிரியர் வெந்திரமின் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

“ஏம்மா எல்விரா, சந்தையில மூட்டை தூக்கறவங்க இருக்காங்களே, அவங்களையும் கேட்டுப் பாத்தியா?”

கேட்டாள். காய்கறிச் சந்தைக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு சுமைதூக்கிகளிடம் கொடுத்தாள். ஆறு பேரும் தயங்காமல் சிறியதுதான் கனம் என்றார்கள். ஒருவர், “உள்ள ஈயமா வெச்சிருக்கே, கண்ணு? எங்களுக்கே கண்ணைக் கட்டறியா?” என்று சிரித்தார். எல்விரா மனம் தளரவில்லை. முதலாமவர் குடித்திருந்தார், இரண்டாமவர் இடக்கைக்காரர், மூன்றாமவர் பசியில் இருந்தார், நான்காமவர் கேலிப் பேர்வழி, ஐந்தாமவர் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார், ஆறாமவருக்குக் காரணம் தேடித் துறைக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்து, துறைவாசலை மிதிக்கும்போது, அவர் சுமப்பது பெரும்பாலும் கீரை என்று கண்டுபிடித்தாள். தமக்குப் பிடித்த முடிவுக்கு எதிரான சான்றுகளை மனிதர்கள் எப்படித் தட்டிக்கழிக்கிறார்கள் என்று அதே வாரம் புதன்கிழமை மாணவர்களுக்கு மிக நன்றாகப் பாடம் நடத்தினாள். கைத்தட்டல்கூடக் கிடைத்தது.

எழுபத்து நான்காம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஜெலிந்தோவின் கையைப் பற்றிய கட்டுரை தட்டச்சாகி, மற்ற ஐந்தோடு உறைக்குள் புகுந்து, மேசைமேல் இருந்தது. பதினொரு மணிக்குத் தச்சர் புதிய பெட்டிகள் எட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எல்விராவுக்கு ஓர் ஆசை வந்தது. உறையை ஒட்டுமுன் புதிய பெட்டிகளிலும் ஒரு சோதனை செய்து, அதை அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டால் ரோமில் வாயடைத்துப் போவார்கள்.

“ஜெலிந்தோ, வாங்க. கடைசியா ஒரு தடவை.”

“நாளைக்கு, டாக்டரம்மா.”

“நாளைக்கு முடியாது. மதியத் தபால்ல போகணும்.”

“அப்போ ஒரு மணி நேரம் குடுங்க. நான் இந்தப் பெட்டியெல்லாம் தூசி தட்டிடறேன்.”

“இப்பத்தானே தச்சர் கொண்டுவந்தார்? என்ன தூசி? தூக்குங்க.”

அவர் பேராசிரியரின் அறைக்கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைத் தூக்கினார். நெற்றியில் வியர்வை கோத்தது.

“இந்தச் சின்னது… கனம். இதுவும் கனம். அந்தப் பெருசு லேசு.”

மூன்றும் தவறு. எல்லா மனிதர்களும் ஏமாறும் அதே விதத்தில், அதே அளவுக்குத் தவறு.

“உடம்பு சரியில்லையா?” என்றாள் எல்விரா. ஏழாவது காரணத்தைத் தேட அவள் அப்போதும் தயாராகத்தான் இருந்தாள்.

“உடம்புக்கென்ன? படிக்க நேரமே குடுக்கலையே, டாக்டரம்மா!” என்றார் ஜெலிந்தோ. அவர் குரலில் குற்ற உணர்வைவிட மனத்தாங்கலே மிகுந்திருந்தது. “இத்தனை நாளும் முந்தின நாளே சொன்னீங்க, நானும் ஒழுங்காப் படிச்சுட்டு வந்தேன். இன்னிக்குத் திடீர்னு கேட்டா யாருக்கு வரும்?”

அவள் மாடிப்படிக்குக் கீழே இருந்த அவருடைய சிற்றறைக்குப் போனாள். தபால் எடைபோடும் தராசின் அருகில் ஒரு கட்டம் போட்ட பள்ளி நோட்டு. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள எண், அதற்கு எதிரே எடை. எல்லாம் குழந்தையின் கையெழுத்துபோல் உருண்டையாக. பன்னிரண்டு பெட்டிகள் நாற்பது முறை. கடைசி எழுத்துவரை திருத்தமாக இருந்தது. அவளுடைய குறிப்பேடுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“நாலாம் வகுப்புல இன்ஸ்பெக்டர் வந்து என்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார். பதில் தெரியலை. எங்க டீச்சரம்மா அன்னிக்கு அவர் முன்னால தலைகுனிஞ்சு நின்னாங்க. அப்புறம் நான் பள்ளிக்கூடம் போகலை. இங்க இவ்வளவு பெரிய படிப்பு படிச்ச நீங்க என்னை மதிச்சுப் பரீட்சை வைக்கறீங்க. இந்தத் துறையோட அட்டெண்டர் தப்பா சொன்னா உங்களுக்கு எவ்வளவு கேவலம்!”

“சரி, தூக்கறப்ப உங்க கைக்கு என்ன தெரிஞ்சுது? அதைச் சொல்லுங்க.”

“சின்னதுதான் கனம்னு தெரிஞ்சுது. வேற என்ன தெரியும்? நான் என்ன கல்லா? ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தெரிஞ்சுது. கை சொல்றது தப்புன்னு நோட்டுல இருக்கே, அப்புறம் எப்படி வெளியில சொல்றது?”

இரவில் படுக்கையிலும், காலையில் மிதிவண்டியில் வரும் வழியிலும் அவர் எண்களை முணுமுணுத்து மனப்பாடம் செய்வாராம். அதைக் கேட்ட இனேஸ், கணவருக்குக் கனவில் யாரோ அதிர்ஷ்ட எண் சொல்லியிருப்பதாக நம்பி, மூன்று, ஏழு, பதினொன்று என்று லாட்டரி வாங்கித் தோற்றதும் அன்றுதான் தெரியவந்தது. அந்த எண்களை நம்பித் தோற்றவள் தான் ஒருத்தி மட்டும் அல்லள் என்பதில் எல்விராவுக்கு ஒரு சிறு ஆறுதல்.

உறை மதியத் தபாலில் போகவில்லை. ஆனால் கிழிக்கப்படவும் இல்லை. திங்கட்கிழமை மதியம்வரை கெடு இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள்களும் எல்விரா அந்த உறையை வீட்டில் அறைக்கு அறை தூக்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு ஆண்டு உழைப்பை எப்படி வீணாக்குவது? இதை அனுப்பினால் பதவிக்கு வாய்ப்பு உண்டு; அனுப்பாவிட்டால் அறவே இல்லை. மேலும், நாற்பது சோதனைகள் சரியாக வந்திருக்க, நாற்பத்தொன்றாவதைத் தற்செயல் என்று கொண்டால் என்ன? அந்த நாற்பதும் நோட்டைப் படித்துவிட்டுச் சொன்னவைதான் என்பது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. தன்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் தன் துறையினர் நூல்கள் எழுதுகிறார்கள் என்று நினைத்து, சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். சிரித்துவிட்டு, மீண்டும் உறையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமைக் காலையில் ஜெலிந்தோ நோட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அவள் அறைக்கு வந்தார், கதவைச் சாத்தினார்.

“டாக்டரம்மா, நான் ரெண்டு நாளா யோசிச்சேன். இதை அடுப்புல போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. ரோமுக்குக் கூப்பிட்டாலும் வரேன். அங்கேயும் தராசு இருக்குமில்ல?”

“ஜெலிந்தோ…”

“அங்க வெச்சு நான் என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிடுங்க. கை ஏமாறும்னு சொல்லணுமா, ஏமாறாதுன்னு சொல்லணுமா? எது சரியான பதில்?”

அவர் மிகுந்த நல்லெண்ணத்தோடு, பென்சிலைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு, அவள் வாயைப் பார்த்தபடி நின்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் கையைக் கொண்டு தன் ஆசையைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது எல்விராவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. உறையைப் பிரித்து அந்த ஒரு கட்டுரையை மட்டும் உருவி வெளியில் வைத்தாள். மற்ற ஐந்தும் ரோமுக்குப் போயின. மூன்று பதவிகளில் கடைசியானது பொலோஞ்யா நகரைச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தது. புறாக்கள் கண் சிமிட்டுவதை எண்ணுவது அவர் துறை.

அவ்வாண்டுக் கோடையில் எல்விரா ஆறு பக்கத்தில் வேறொரு கட்டுரை எழுதினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்னும் ஒரே கேள்வியைச் சோதனை செய்பவர் இரண்டு ஆண்டுகள் கேட்காமலே இருக்க முடியும் என்பதற்குத் தன்னையே சான்றாக நிறுத்தியிருந்தாள். பேராசிரியர் படித்துவிட்டு, “நீ எழுதினதுலேயே இதுதான் கொட்டாவி விடாம படிக்கற மாதிரி இருக்கு” என்றார். ஜெலிந்தோவிடம் இனி யாரும் எந்தச் சோதனையும் வைக்கக்கூடாது என்று அன்றே அறிவிப்புப் பலகையில் எழுதியும் போட்டார்.

அந்த அறிவிப்பைத் தூசி தட்டும் வேலையும் ஜெலிந்தோவுக்குத்தான். அவர் வருத்தத்தை வெளியில் காட்டவில்லை. மாணவர்களுக்கு மட்டும், எந்தப் பேராசிரியர் தேர்வில் எதைக் கேட்பார் என்று வாசலில் நின்று சொல்லிக் கொடுத்துவந்தார். அதில் அவர் சொன்னது தவறியதே இல்லை. எல்விராவைப் பார்க்கும்போது, “என்னால உங்க நாற்காலி போச்சு” என்பார். “நாற்காலி எங்கேயும் போகலை, ஜெலிந்தோ. அதுல புறாக்காரர் உட்கார்ந்திருக்கார்” என்பாள் அவள். பன்னிரண்டு ஆண்டுகள் இதையே இருவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டார்கள். எண்பத்தாறில் அவர் ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு அவளுக்கும் ஒரு நாற்காலி வந்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் இனேஸ் தொலைபேசியில் அழைத்தாள். ஜெலிந்தோ மருத்துவமனையில் இருந்தார்; புற்றுநோய் எலும்புக்குள் பரவியிருந்தது.

“டாக்டரம்மா, நீங்க கொஞ்சம் வந்து சொல்லுங்க. வலியில சுவரைப் பிராண்டி நகம் உடைஞ்சு கிடக்கு. டாக்டர் வந்து கேட்டா, மூணுங்கறார்!”

“மூணா?”

“ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலின்னு தினமும் கேக்கறாங்க. மூணுன்னா மாத்திரைதான். ஏழுக்கு மேல சொன்னாத்தான் ஊசியாம். ஒன்பது நாளா மூணு, மூணு, மூணு!”

வலியை எண்ணால் கேட்கும் அந்த வழக்கத்தை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தவர்கள் எல்விராவைப் போன்ற உளவியலாளர்களே. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஜெலிந்தோ பாதியாகச் சுருங்கியிருந்தார். ஆனால் தலை படிய வாரப்பட்டிருந்தது. டாக்டர் வரும் நேரம் அது.

“நல்ல வேளை வந்தீங்க. இந்த டாக்டர் தினமும் ஒரு கேள்வி கேக்கறார். எனக்குப் பிடிபடவே இல்லை. பத்துன்னு சொன்னா அழுமூஞ்சின்னு நினைப்பார். ஒண்ணுன்னா பொய்யின்னு கண்டுபிடிச்சுடுவார். மூணு மரியாதையான நம்பரா இருக்கு. சரிதானே?”

“அதுக்குச் சரியான பதில்னு ஒண்ணு கிடையாது, ஜெலிந்தோ. உங்க உடம்பு என்ன சொல்லுதோ, அதுதான் பதில்.”

“அப்படியும் ஒரு பரீட்சை உண்டா?”

“உண்டு. நான் உங்களுக்கு வெச்ச நாற்பதும் அந்த மாதிரிப் பரீட்சைதான். எடை என்னன்னு எனக்குத் தெரியும். உங்க கைக்கு என்ன தெரியுதுன்னுதான் எனக்குத் தெரியலை.”

அவர் தலையணையில் சற்று நிமிர்ந்தார்.

“அதை முதல்லேயே சொல்லியிருக்கலாமே, டாக்டரம்மா.”

அந்த ஆறு பக்கக் கட்டுரையில் தன் பிழைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டதாக எல்விரா இத்தனை ஆண்டுகளும் பெருமைப்பட்டிருந்தாள். முதல் பிழை அதில் இல்லை.

டாக்டர் வந்தார், இளவயதுக்காரர். “எப்படி இருக்கீங்க, ஜெலிந்தோ? இன்னிக்கு எத்தனை?”

ஜெலிந்தோவின் கண்கள் எல்விராவின் முகத்தில் பதிலைத் தேடின. அவள் வாழ்நாளில் செய்த சோதனைகளிலேயே, முகத்தில் ஒரு தசையும் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒன்றில்தான். தேடிக் களைத்து, அவர் கண்ணை மூடினார். இனேஸ் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

“ஒன்பது,” என்றார்.

ஊசி வந்தது. அரை மணி நேரத்தில் புருவத்தின் முடிச்சு அவிழ்ந்தது. விரல்கள் போர்வையை விட்டன. இனேஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். எல்விரா விடைபெற எழுந்தபோது, ஜெலிந்தோ அவள் மணிக்கட்டைத் தொட்டு அருகில் குனியச் சொன்னார். குரல் தூக்கத்தில் குழைந்திருந்தது.

“ஒரே ஒரு உதவி, டாக்டரம்மா. அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் இருக்காரே, அவர் எத்தனை சொன்னார்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.”